மனச்சாட்சியும் மடிச்சீலையும்

(கண்டி மாநகரில் நிகழ்த்தப்பெற்ற அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



மலைநாட்டு மக்களின் கல்விக்கும் நல்வாழ்வுக்குமாகத் தம் பொருளை ஒதுக்கிவைத்துச் சென்ற ஒரு பெரியவரின் நினைவாக நடைபெறும் இச்சொற்பொழிவை நிகழ்த்துமாறு என்னைப் பணித்தமைக்கு முதற்கண் என் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். தொழில்தருநர் ஒருவர் தம்மிடம் வேலை செய்வோருக்கு அளிக்கும் வைத்திய உதவியில் கருத்தடையும் அடங்குமாயின், தம் சமய நம்பிக்கையைக் காரணமாகக் காட்டி அவர் அதனை மறுக்கலாமா என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட விஷயம். இது கடல் கடந்த தேசத்து நீதிமன்றங்களில் எழுந்த வழக்காயிற்றே, தலதா மாளிகையின் நிழலிலே கூடியிருக்கும் நமக்கு இதனால் ஆவதென்ன என்று உங்களுட் சிலர் எண்ணக்கூடும். ஆனால், இந்நகரைச் சூழ்ந்த மலைகளிலே நூறாண்டுக்கு மேலாகத் தொழில் கொடுத்தவரே வைத்தியமும் கொடுத்துவந்தார். வேலையின் எஜமானே மருந்தறையின் எஜமானாகவும் விளங்கினார். ஆகவே இவ்வினா நமக்குப் புதியதன்று. அங்கே அது மறுப்பாக வந்தது, இங்கே அது நெருக்குதலாக வந்தது என்பதே வேற்றுமை.

என் முடிவை ஒளித்துவைத்து இறுதியில் வெளிப்படுத்தும் வழக்கம் எனக்கில்லை. சமயத்தின் ஆட்சேபத்தை நான் இகழவில்லை. அது எவர் உடலைப் பற்றியதோ அவருடைய உள்ளத்தில் எழுமானால், அதற்கு முன்னே அரசும் முதலாளியும் ஒதுங்கி நிற்கவேண்டும் என்பதே என் துணிபு. ஆயின், பணம் கொடுப்பவர் என்ற ஒரே காரணத்தால் ஒருவர் தம் மனச்சாட்சியை மற்றொருவர் வயிற்றின்மீது ஆணையாகச் செலுத்துவது, பக்தியின் பேரால் மறுப்பதாயினும் சரி, இலாபத்தின் பேரால் வற்புறுத்துவதாயினும் சரி, ஒரே குற்றத்தின் இரு வடிவங்களாம்.

1. அமெரிக்க வழக்கு

அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே, நம் நாட்டைப்போல அரசாங்க ஆஸ்பத்திரியின் வாசல் எல்லாருக்கும் இலவசமாகத் திறந்திருப்பதில்லை. உழைக்கும் வயதினரிற் பெரும்பாலார் தாம் வேலை செய்யும் நிறுவனத்தின் வாயிலாகவே வைத்தியக் காப்புறுதியைப் பெறுகின்றனர். 2010ஆம் ஆண்டில் நிறைவேறிய வைத்தியக் காப்புறுதிச் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட விதிகள், பெண்களுக்கான நோய்த்தடுப்புச் சேவைகளோடு, அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் அங்கீகரித்த கருத்தடை முறைகளையும் மேலதிகக் கட்டணமின்றிக் காப்புறுதி தரவேண்டுமென்று பணித்தன. கோவில்களுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. சமயச் சார்புடைய தரும ஸ்தாபனங்கள் தம் ஆட்சேபத்தை எழுதிக் கொடுத்தால், காப்புறுதிக் கம்பெனியே அச்செலவைத் தனியாக ஏற்றுக்கொள்ளும். இலாபம் கருதி நடக்கும் வியாபார நிறுவனங்களுக்கோ அத்தகைய வழி எதுவும் வைக்கப்படவில்லை.

ஒக்லஹோமா மாநிலத்தைச் சேர்ந்த ஹொபி லொபி என்னும் கைவினைப்பொருட் கடைகளின் சொந்தக்காரரான கிறிஸ்தவப் பற்றுமிக்க கிரீன் குடும்பத்தார் இவ்விதியை எதிர்த்து வழக்காடினர். இருபது முறைகளில் பதினாறை அவர்கள் ஆட்சேபிக்கவில்லை என்பதை நாம் கவனிக்கவேண்டும். அவசரகால மாத்திரைகள் இரண்டும், கருப்பையுள் வைக்கும் சாதனங்கள் இரண்டும் ஆகிய நான்கு மட்டுமே, உருவாகிவிட்ட கருவைத் தங்கவிடாமற் செய்யக்கூடியவை என்று அவர்கள் நம்பினர். ஆகவே அவற்றுக்குப் பணம் கொடுப்பது உயிர்க்கொலைக்குத் துணைபோவதாகும் என்றனர். 2014ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் திகதி, அமெரிக்க உயர் நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் அக்குடும்பத்தாருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. சிலர் கைக்குள் அடங்கிய கம்பெனியும் 1993ஆம் ஆண்டின் சமய சுதந்திர மீட்புச் சட்டத்தின் பாதுகாப்பைக் கோரலாம் என்றும், அரசாங்கம் தன் நோக்கத்தை இதனினும் இலேசான வழியால் நிறைவேற்றியிருக்கலாம் என்றும் பெரும்பான்மையோர் கருதினர். மாறுபட்ட தீர்ப்பெழுதிய நீதியரசர் ரூத் பேடர் கின்ஸ்பேர்க், முதலாளியின் நம்பிக்கையைப் பகிர்ந்துகொள்ளாத ஆயிரக்கணக்கான பெண் ஊழியரே அந்நம்பிக்கையின் விலையைச் செலுத்த நேரும் என்பதை வற்புறுத்தினார்.

விவாதம் அதனோடு ஓயவில்லை. கொழும்பு மருதானையிலும் முதியோர் இல்லம் நடத்திவருகின்ற, ஏழைகளின் சிறிய சகோதரிகள் என்னும் கத்தோலிக்கத் துறவியர் சபையார், ஆட்சேபத்தை எழுதிக் கொடுக்கும் படிவத்திற் கையொப்பமிடுவதே மறைமுகமான உடந்தை என்று அந்நாட்டிலே வாதித்தனர். 2016ஆம் ஆண்டில் அவ்வழக்கைத் தீர்க்காமலே கீழ்நீதிமன்றங்களுக்கு அனுப்பிய உயர் நீதிமன்றம், 2020ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் திகதி எழுவருக்கு இருவர் என்ற கணக்கில், சமய ஆட்சேபமும் ஒழுக்க ஆட்சேபமும் உடைய தொழில்தருநருக்கு விரிவான விலக்களித்த அரசாங்க விதிகளைச் செல்லுபடியாகும் என்று ஏற்றது.

2. சமயங்களின் நிலை

சமயங்கள் கருத்தடையைப் பற்றிக் கூறுவதை நேர்மையாக எடுத்துரைக்காமல் இவ்விஷயத்தைப் பேசுவது அழகன்று. ஆங்கிலிக்கத் திருச்சபையின் ஆயர்கள் 1930ஆம் ஆண்டு லம்பெத் மகாநாட்டிலே சில நிபந்தனைகளோடு கருத்தடைக்கு இடம்கொடுத்தனர். அதே ஆண்டின் இறுதிநாளில் பாப்பரசர் பதினோராம் பத்திநாதர் விடுத்த திருமுகம் அதனை வன்மையாக மறுத்தது. 1968ஆம் ஆண்டு ஜூலையில் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் விடுத்த திருமுகம், மாதச் சுழற்சியை அறிந்து விலகியிருக்கும் இயற்கை முறையொன்றையே அனுமதித்து, செயற்கை முறைகள் அனைத்தையும் விலக்கியது. 1893ஆம் ஆண்டில் பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் நம் அம்பிட்டியாவில் நிறுவிய குருமடத்தையும், அதன் வழிவந்த இன்றைய தேசிய குருமடத்தையும் அறிந்தவர்களுக்கு, இப்போதனை எங்கோ உரோமாபுரியிற் கிடக்கும் ஏட்டுச் சுரைக்காய் அன்று, இக்கண்டி மலைகளிலே பயின்ற குருமார் வாயிலாகத் தோட்டத்து ஆலயங்கள்வரை சென்ற போதனை என்பது விளங்கும்.

இந்து தருமத்திலே கருத்தடையை விலக்கும் பொது விதி கிடையாது. எனினும் 1935ஆம் ஆண்டு டிசம்பரில் வார்தாவுக்கு வந்து உரையாடிய கருத்தடை இயக்கத்தவரான மார்க்கரெட் சாங்கர் அம்மையாரிடம், புலனடக்கமே தகுந்த வழி, சாதனங்கள் ஆகா என்று காந்தியடிகள் உறுதியாகக் கூறிவிட்டார். அக்காலத்திலேயே தமிழ்நாட்டில் ஈ. வெ. ராமசாமிப் பெரியார் பெண்ணின் விடுதலையை முன்னிட்டுக் கர்ப்பத்தடையை ஆதரித்துப் பிரசாரம் செய்தார் என்பதும் நாம் அறிந்ததே. இஸ்லாமிய நீதிநூலாசிரியரிற் பெரும்பாலார், கணவன் மனைவியரின் இசைவோடு கருத்தரிப்பைத் தவிர்ப்பதை அனுமதித்தனர். நிரந்தரமாகக் கருவை நிறுத்துவதிலே கண்டிப்புக் காட்டினர். பௌத்தத்தின் முதற் சீலம் உயிர்க்கொலையைத் தடுக்கிறதேயன்றி, உயிர் தோன்றுமுன் அதனைத் தவிர்ப்பதைத் தடுக்கவில்லை. அவ்வழியில் எழுந்த எதிர்ப்புகள் பெரும்பாலும் இனத்தொகை குறையும் என்ற அச்சத்தில் முளைத்தவை. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

இவற்றையெல்லாம் நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகின்றது. எச்சமயமும் தன் கட்டளையைத் தன்னை நம்புகிற ஆணையும் பெண்ணையும் நோக்கியே கூறுகின்றது. அவர்களுக்குச் சம்பளம் கொடுப்பவரை நோக்கிக் கூறவில்லை. சம்பளம் கொடுப்பவரைப் பற்றிய கேள்வி எழும்போது, சமய ஒழுக்கநூலார் வேறொரு கருவியை எடுக்கிறார்கள். பிறர் செய்யும் செயலில் ஒருவருக்கு எந்த அளவுக்குப் பங்கு உண்டு என்பதை நிறுக்கும் தராசு அது. கத்தோலிக்க ஒழுக்கவியலாரே இத்தராசை மிக நுட்பமாகச் செய்துவைத்தவர்கள். பாவத்தை விரும்பி உடன்படுவது ஒன்று. விரும்பாதிருந்தும் தன் செயல் தூரத்தில் அதற்குப் பயன்பட நேர்வது மற்றொன்று. பின்னது, தக்க காரணம் இருப்பின், பொறுக்கத்தக்கதென்பது அவர்கள் முடிபு. அமெரிக்க வழக்காளிகளின் குறை, அவர்களுக்கு மனச்சாட்சி இருந்தது என்பதன்று. தூரத்தை அளக்க அவர்கள் மறுத்தார்கள் என்பதே.

கண்டிப் பட்டணத்துக் கடைவீதியிலே புலால் உண்ணாத சைவ முதலாளி ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாதமுடிவில் அவர் கொடுக்கும் சம்பளத்தைக் கொண்டு கடைச்சிப்பந்தி நேரே சந்தைக்குப் போய்க் கருவாடு வாங்குகிறான். முதலாளிக்கு அது பாவமாகத் தோன்றலாம். கருவாடு வாங்குவாய், ஆகையால் சம்பளத்திற் பத்து ரூபாயைப் பிடித்துக்கொள்கிறேன் என்று அவர் சொல்வாராயின், நாம் அதனைப் பக்தி என்று கொண்டாடுவோமா? கைமாறிய கணத்திலேயே அப்பணம் உழைத்தவனுடையதாகிவிட்டது. காப்புறுதி என்பதும் உழைப்புக்கான கூலியின் ஒரு கூறே. முதலாளி மடிச்சீலையிலிருந்து அவிழ்த்துவிடும் தானமன்று. தானமாயின் நிபந்தனை விதிக்கலாம்; கூலிக்கு நிபந்தனை விதிப்பது நியாயமாகாது.

3. மலைநாட்டில் எஜமானும் மருந்தறையும்

இனி நம் மலைகளுக்கு வருவோம். 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர், கண்டிக்குத் தென்கிழக்கே லூல்கந்துரவில் தேயிலையைப் பெருந்தோட்டமாகப் பயிரிடத் தொடங்கியபின், தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்களின் பெண்களே கொழுந்துக் கூடையைத் தலையிற் சுமந்து இத்தொழிலை நிலைநிறுத்தினர். அவர்களுடைய நோய்க்கும் பிரசவத்துக்கும் பொறுப்பு யாருடையது? 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் அப்பொறுப்பின் பெரும்பகுதியைத் தோட்டத் துரையிடம் ஒப்படைத்தது. பிள்ளை பெற்ற தொழிலாளப் பெண்ணுக்கு ஒரு மாத காலம் உணவும் உறைவிடமும் அளிக்கவேண்டும் என்பதும் அப்பொறுப்புகளில் ஒன்று. 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் காசாகவும் ஓய்வாகவும் உதவியை உறுதிசெய்தது. இவை நல்ல சட்டங்களே. ஆயினும் அவற்றின் உள்ளமைப்பைக் கவனியுங்கள்: தொழிலாளர் வரிசைவீடாகிய லயத்தின் கூரை, மருந்தறையின் சாவி, பிள்ளைக் காம்பிராவின் பால், பேர் போடும் கணக்கப்பிள்ளையின் பேரேடு ஆகிய அனைத்தும் ஒரே கையில் இருந்தன. தோட்ட வைத்திய உதவியாளர், நோயாளிக்கு எவ்வளவு இரக்கம் காட்டினாலும், துரையின் சம்பளத்தில் வாழ்ந்த உத்தியோகஸ்தரே.

இலங்கையிற் குடும்பத் திட்டமிடல் முயற்சி, 1953ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட குடும்பத் திட்டமிடற் சங்கத்தோடு ஒழுங்காகத் தொடங்கிற்று. 1958ஆம் ஆண்டில் சுவீடன் அரசாங்கத்தோடு செய்துகொண்ட உடன்படிக்கையின்படி முன்னோடித் திட்டமொன்று இரண்டிடங்களிலே நடத்தப்பட்டது. ஒன்று மேல்மாகாணத்துக் கிராமப்பகுதியாகிய பண்டாரகம. மற்றொன்று அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமாகிய டயகம. ஒரு சிங்களக் கிராமமும் ஒரு தமிழ்த் தோட்டமும் ஒருசேரத் தேர்ந்தெடுக்கப்பட்டமை தற்செயலன்று: கிராமத்திலே மருத்துவமாது வீடுவீடாகச் சென்று கேட்கவேண்டியிருந்தது, தோட்டத்திலோ மக்கள் வரிசையாக லயங்களில் வாழ்ந்தனர். 1965ஆம் ஆண்டில் அரசாங்கம் குடும்பத் திட்டமிடலைத் தாய் சேய் நலச் சேவையோடு இணைத்து ஏற்றுக்கொண்டது. இதன் பயனாகப் பிரசவ மரணம் குறைந்ததையும், தாய்மார் உடல் தேறியதையும், பிள்ளைகள் பள்ளிக்குப் போனதையும் நன்றியோடு ஒப்புக்கொள்ளாதவர் எவருமிலர்.

ஆயின் 1980ஆம் ஆண்டில் வந்த ஒரு மாறுதல் தனியே நோக்கத்தக்கது. அவ்வாண்டு தொடங்கி, கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்துகொள்ளும் ஆணுக்கும் பெண்ணுக்கும் அரசாங்கம் பணம் கொடுக்கலாயிற்று. முதலில் 100 ரூபாயாக இருந்த தொகை பின்னர் 500 ரூபாய்வரை ஏறிற்று. தீவு முழுவதற்கும் பொதுவான திட்டமே அது. எனினும் பொதுவான மழை மேட்டிலும் பள்ளத்திலும் ஒரேவிதமாகத் தேங்குவதில்லை. தோட்டத்திலே ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் வந்தது 1984ஆம் ஆண்டிலேதான். அதற்குமுன் கொழுந்து பறித்த ஒரு பெண்ணுக்கு 500 ரூபாய் என்பது பல வாரச் சம்பளம். அரிசிக் கடனும் அட்டைக் கடனும் கழுத்தை நெரிக்கும் ஒரு குடும்பத்தின் முன்னே அத்தொகையை வைத்து, உன் சம்மதமா என்று கேட்டால், அங்கே வரும் விடை கருப்பையைப் பற்றியதா, கடனைப் பற்றியதா என்பதை எவரால் பிரித்தறிய முடியும்?

தோட்ட நிருவாகத்திற்கோ இதில் வேறொரு கணக்கு இருந்தது. கொழுந்து பறிக்கும் கைகள் பெரும்பாலும் பெண்களின் கைகள். கர்ப்பிணிக்கு இலேசான வேலை, பிரசவத்திற்கு விடுமுறை, பிறந்த பிள்ளைக்குக் காம்பிரா, பாலூட்டப் போய்வரும் நேரம் ஆகிய ஒவ்வொன்றும் பேரேட்டிற் செலவுப் பக்கத்தில் விழுபவை. பெண்களைத் தோட்ட லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய முறையைப் பற்றியும், சிகிச்சை மீளமுடியாதது என்பதைத் தமிழில் விளக்காமலே கைநாட்டு வாங்கியதைப் பற்றியும் தொழிற்சங்கத்தாரும் ஆய்வாளரும் குற்றஞ்சாட்டி வந்துள்ளனர். தோட்டப்பகுதியில் நிரந்தரக் கருத்தடை, பிற பகுதிகளினும் கூடுதலாகப் பரவியிருந்தமையைக் குடித்தொகை, சுகாதார மதிப்பீடுகள் காட்டுகின்றன. தற்காலிக முறைகள் பல இருக்க, மீளாத முறையொன்றே இவ்வளவு மேலோங்கியதேன் என்ற வினாவையேனும் எழுப்பாமல் இருக்கமுடியாது.

இதனோடு அரசியற் சூழ்நிலையையும் சேர்த்து எண்ணவேண்டும். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டு, 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் இத்தனை இலட்சம் இந்தியாவுக்கு, இத்தனை இலட்சம் இலங்கைக்கு என்று தலைக்கணக்காகப் பங்கிடப்பட்ட ஒரு சமூகத்திடம், உங்கள் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லும் குரல் எவ்வளவு நல்லெண்ணத்தோடு ஒலித்தாலும், அது சந்தேகத்தோடேயே கேட்கப்படும். அச்சந்தேகத்தை அறியாமை என்று ஒதுக்குவது அநியாயம்.

4. நீலகிரி காட்டும் பாடம்

அக்கரையிலே நீலகிரித் தேயிலைத் தோட்டங்களிலும் இதனையொத்த ஒரு சோதனை நடந்தது. தென்னிந்தியத் தோட்ட முதலாளிகளின் ஐக்கிய சங்கம், 1971ஆம் ஆண்டில் மூன்று தோட்டங்களில் ஒரு திட்டத்தைத் தொடங்கிற்று. கருத்தரிக்காமலிருக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் பெண் தொழிலாளியின் பெயரில் 5 ரூபாய் வரவுவைக்கப்படும். முதுமையில் ஓய்வு பெறும்போது அச்சேமிப்பு அவள் கைக்கு வரும். பிள்ளைகள் மிகுந்தாலோ சேர்ந்ததில் ஒரு பங்கு பறிபோகும். பிள்ளையே முதுமைக்காலத்துக் கைத்தடி என்று எண்ணும் தாய்க்கு வேறொரு கைத்தடி கொடுப்பதே இதன் தத்துவம். எண்ணம் புத்திசாலித்தனமானதே. எனினும் மாதந்தோறும் ஒரு பெண்ணின் வயிற்றை முதலாளியின் கணக்குப் புத்தகம் கண்காணிக்கவேண்டும் என்பது அதனுள் அடங்கிய நிபந்தனையல்லவா?

இதற்கு எதிராக, இந்தியாவின் தொழிலாளர் அரசு காப்புறுதித் திட்டத்தில் உள்ள ஓர் ஏற்பாட்டை ஒப்பிட்டுப் பாருங்கள். கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட ஆணுக்கு 7 நாளும் பெண்ணுக்கு 14 நாளும் முழுச் சம்பளத்துக்கு ஈடான உதவி கிடைக்கிறது. 1961ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைச் சட்டமும் 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அத்தகைய பெண்ணுக்கு இரு வாரச் சம்பள விடுமுறையைச் சேர்த்துக்கொண்டது. இது தீர்மானித்தவளுக்குத் துணைநிற்பது. முன்னது தீர்மானத்தையே விலைக்கு வாங்க முயல்வது. உதவி தீர்மானத்திற்குப் பின்னே வரவேண்டும், முன்னே போய் நின்று வழிமறிக்கவும் கூடாது, கையைப் பிடித்து இழுக்கவும் கூடாது.

நம் நாட்டுச் சட்டமும் இவ்விஷயத்திற் பல காலம் பிள்ளைகளை எண்ணியே இரக்கம் காட்டிற்று. தனியார்துறைப் பெண்ணொருத்திக்கு முதலிரு குழந்தைகளுக்கும் 84 நாள் விடுமுறையும், மூன்றாவது குழந்தை முதல் 42 நாள் விடுமுறையுமே உரியவாக இருந்தன. மூன்றாம் பிரசவத்தின் களைப்பு முதற் பிரசவத்தின் களைப்பிற் பாதி என்று எந்த வைத்தியர் சொன்னார் என்று தெரியவில்லை! 2018ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் அவ்வேற்றுமையை நீக்கி எல்லாப் பிரசவங்களுக்கும் 84 நாளை உரியதாக்கியது பாராட்டுக்குரியது.

5. அச்சம் ஆயுதமாகும்போது

சம்மதம் என்பது தெளிவாக நிலைநாட்டப்படாத இடத்திலே வதந்தி குடிபுகும். பொதுபல சேனா என்னும் சிங்கள பௌத்த இயக்கம் 2012ஆம் ஆண்டில் தோன்றியபோது, நிரந்தரக் கருத்தடையைத் தடைசெய்யவேண்டும் என்பது அதன் கோரிக்கைகளில் ஒன்று. கருத்தடை, பெண்ணின் நலம் பற்றிய விஷயமாயிராமல் இனங்களின் தலைக்கணக்குப் போட்டியாக மாறிவிட்டது. 2018ஆம் ஆண்டு பெப்ரவரியில், அம்பாறையில் முஸ்லிம் ஒருவரின் உணவுக்கடைக் கொத்துரொட்டியில் மலடாக்கும் மாத்திரை கலக்கப்பட்டதென்ற வதந்தியால் வன்செயல் மூண்டது. அப்படி ஒரு மாத்திரை உலகிலேயே இல்லையென்று வைத்தியர்கள் சொன்னார்கள். உணவிற் கண்டது மாவுக்கட்டியே என்று பரிசோதனை காட்டிற்று. அடுத்த சில நாட்களில் நம் கண்டியின் திகனையிலும் தெல்தெனியாவிலும், வேறொரு காரணத்தைத் தொட்டு மூண்ட தீ, அவ்வதந்தியால் ஏற்கெனவே உலர்ந்துகிடந்த வைக்கோலிலேதான் பற்றியது. 2019ஆம் ஆண்டில் குருணாகலை வைத்தியசாலையின் முஸ்லிம் வைத்தியர் ஒருவர், சிங்களத் தாய்மாரை அவர்கள் அறியாமலே மலடாக்கினார் என்று குற்றஞ்சாட்டப்பட்டுக் கைதாகி, ஆதாரம் காணப்படாமல் பின்னர் மீண்டும் பணியிற் சேர்க்கப்பட்டார்.

இந்நிகழ்ச்சிகளை நான் இங்கே எடுத்துக்கூறுவது ஒரு சமூகத்தைக் குறைகூறுவதற்காக அன்று. தோட்டத் தமிழர் தம் தாய்மாரைப் பற்றி அஞ்சிய அச்சமும், சிங்களர் தம் இனத்தைப் பற்றி அஞ்சிய அச்சமும், முஸ்லிம்கள் தம்மேற் சுமத்தப்பட்ட பழியால் அடைந்த துயரமும், பெண்ணின் சம்மதத்தைப் பெண்ணிடமிருந்து எடுத்து வேறெவரிடமோ கொடுத்ததன் விளைவுகள் என்பதை உணர்த்தவே கூறினேன். அவளே கேட்டு, அவளே அறிந்து, அவளே இசைந்தாள் என்ற உறுதி ஊரிலே இருக்குமானால் இத்தகைய பொய் ஒருநாளும் விலைபோகாது.

6. எல்லைகள்

இனி நான் கொண்ட கொள்கையின் எல்லைகளைச் சொல்லவேண்டும். முதலாவது, செயலுக்கும் கைக்கும் இடையேயுள்ள தூரம். அறுவைச் சிகிச்சையைத் தன் கையாற் செய்யவேண்டிய வைத்தியர் தம் சமயத்தின் பொருட்டு அதனை ஏற்க மறுப்பாராயின், அவரை நிர்ப்பந்திப்பது முறையன்று. மற்றொரு வைத்தியரைக் காட்டிவிட்டால் போதும். பிலிப்பைன்ஸ் நாட்டிலே 2012ஆம் ஆண்டில் வந்த இனப்பெருக்க சுகாதாரச் சட்டத்தைப் பெரும்பாலும் செல்லுபடியாக்கிய அந்நாட்டு உயர் நீதிமன்றம், 2014ஆம் ஆண்டுத் தீர்ப்பிலே, மனச்சாட்சியால் மறுக்கும் வைத்தியரைத் தண்டிக்கும் பிரிவுகளை நீக்கிவிட்டது. பிறரிடம் அனுப்பிவைக்கும் கடமையையும் அது தள்ளியதை நான் ஏற்கவில்லையெனினும், கத்தியைப் பிடிக்கும் கைக்கு அது காட்டிய மதிப்பை ஏற்கிறேன். காசோலையில் ஒப்பமிடும் கை அக்கத்தியிலிருந்து வெகுதூரத்தில் இருக்கிறது.

இரண்டாவது, ஏற்றத்தாழ்வு. சமமானவர் இருவரிடையே வரும் மறுப்பு வேறு. ஒருவர் கையில் மற்றவரின் வேலையும் வீடும் இருக்கும்போது வரும் மறுப்பு வேறு. ஹொபி லொபி கடையின் சிப்பந்தியேனும் வேலை விட்டால் தன் வீட்டுக்குப் போகலாம். நம் தோட்டத்துப் பெண் வேலையை விட்டால் லயக் காம்பிராவும் கேள்விக்குள்ளாகிவிடும். அதிகாரம் எவ்வளவுக்கு எவ்வளவு முழுமையாக இருக்கிறதோ, அவ்வளவுக்கவ்வளவு எஜமானின் மனச்சாட்சி அடக்கம் காட்டவேண்டும்.

மூன்றாவது, அந்தரங்கம். ஒரு பெண் எம்முறையைக் கையாளுகிறாள், அல்லது எதையும் கையாளவில்லையா என்பது துரையின் மேசைக்கோ, கம்பெனியின் மனிதவளப் பிரிவுக்கோ, தொழிற்சங்கத் தலைவருக்கோ, குருவுக்கோ போய்ச் சேரவேண்டிய செய்தியன்று.

துறவியர் ஸ்தாபனங்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஏழை முதியோரைப் பேணும் கன்னியரிடமும் நாம் இதே கண்டிப்பைக் காட்டவேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். அவர்களுடைய பக்தியிலே எனக்கு ஐயமில்லை. சமயச் சங்கங்கள் தம் உறுப்பினருக்கு விதிக்கும் ஒழுக்கத்தில் அரசு தலையிடலாகாது. ஆனால் அவர்களிடம் கூலிக்குச் சமைக்கும் பெண்ணும் தோட்டம் கொத்தும் ஆளும் அச்சபையின் உறுப்பினரல்லர். அவர்களுக்குரியதை அரசாங்கம் வேறு வழியாக, சபையின் கையைத் தீண்டாமல், நேரே கொடுத்துவிடுவதே இருதரத்தார்க்கும் மரியாதை. நம் நாட்டிலே மருத்துவமாதுவின் பைக்குள்ளே கருத்தடைச் சாதனங்கள் இலவசமாக வீட்டு வாசலுக்கு வருகின்றன. முதலாளியின் சமயம் எது என்று அவள் கேட்பதில்லை. ஐக்கிய அமெரிக்கா பல வழக்குகளில் தேடிய தீர்வு நம் ஊர்ப் பாதையில் ஏறி வந்துகொண்டிருக்கிறது என்று நாம் பெருமைப்படுவதில் தவறில்லை.

7. செய்யவேண்டுவன

பெருமை போதாது, குறைகளும் உள. தோட்ட வைத்தியசாலைகளை அரசாங்க சேவையோடு இணைக்கும் பணி 1990களிலிருந்து நடந்துவந்தும் முற்றுப்பெறவில்லை. 1992ஆம் ஆண்டில் தனியார் கம்பெனிகளிடம் நிருவாகம் சென்றபின்னும், மருந்தறையின் சாவி பல இடங்களில் நிருவாகத்திடமே இருக்கிறது. அச்சாவியை விரைவில் மாகாண, மத்திய சுகாதாரத் துறையினர் பெற்றுக்கொள்ளவேண்டும். லயங்களுக்கு வரும் மருத்துவமாதர் தமிழில் உரையாடவல்லவராக இருத்தல் வேண்டும். மலையகத்துப் பெண்பிள்ளைகளையே அப்பயிற்சிக்குத் தேர்ந்தெடுத்தால் வேலையும் கிடைக்கும், நம்பிக்கையும் வளரும். நிரந்தர முறைக்கான சம்மதப் படிவம் தாயின் மொழியில் இருப்பதோடு, பிரசவ வேதனையின் நடுவிலே நீட்டப்படாமல், முன்கூட்டியே விளக்கப்பட்டு, யோசிக்க நாள் கொடுக்கப்பட்ட பின்னரே ஒப்பம் பெறப்படவேண்டும். ஆண்களுக்கான எளிய சிகிச்சை இருக்க, சுமை முழுவதையும் பெண்ணின் உடலிலேயே ஏற்றிவைக்கும் வழக்கத்தை நம் குடும்பத்தலைவர்கள் நாணத்தோடு எண்ணிப் பார்க்கவேண்டும்.

கண்டியிலும் கட்டுகஸ்தோட்டையிலும் பேராதனையிலும் இன்று தனியார் நிறுவனங்கள் பல தம் ஊழியருக்குக் குழுக் காப்புறுதி எடுக்கின்றன. அவ்வாறு காப்புறுதி பெற்றவர்கள் அதன் விலக்குப் பட்டியலை ஒருமுறை பொறுமையாகப் படித்துப் பார்க்குமாறு வேண்டுகிறேன். எது விலக்கப்பட்டது என்பதை மட்டுமன்று, யாருடைய விருப்பத்தால் விலக்கப்பட்டது என்பதையும் கேளுங்கள்.

சமயத் தலைவர்களுக்கு என் விண்ணப்பம் பணிவானது. 1972ஆம் ஆண்டில் இந்நகரில் சத்தியோதயம் என்னும் நிலையத்தை நிறுவி, சமயமும் மொழியும் பாராமல் தோட்டத் தொழிலாளரின் உரிமைக்காக உழைத்த இயேசுசபைக் குருவானவர் போல் கஸ்பர்ஸ் அடிகளைப் போன்றோர், சமயத்தின் குரல் எளியவரின் பக்கத்தில் நின்று ஒலிக்கும்போது அதற்கு எவ்வளவு வலிமை உண்டு என்பதைக் காட்டிச் சென்றனர். கருத்தடை தகாது என்று உங்கள் சமயம் கூறுமாயின், பிரசங்க பீடத்திலிருந்து அதனைத் தாராளமாகக் கூறுங்கள். கேட்பவள் ஏற்றுக்கொண்டால் அது அவளுடைய தவம். அவள் கூலியிலும் வைத்தியத்திலும் அதனை எழுதிவைக்குமாறு முதலாளியிடம் கேளாதீர்கள். முதலாளிமாருக்கும் இதுவே என் வார்த்தை: பிள்ளை வேண்டாம் என்பதற்குப் பணம் கொடாதீர்கள், வேண்டாம் என்றவளுக்குரிய உதவியை நிறுத்தவும் செய்யாதீர்கள், வேண்டும் என்றவளின் விடுமுறையைக் குறைக்கவும் செய்யாதீர்கள்.

இங்கு வந்திருக்கும் தொழிற்சங்கத்தார், சம்பளப் பேச்சுவார்த்தைக்கு அமரும்போது மகப்பேறும் கருத்தடையும் பெண்களின் சில்லறை விஷயங்கள் என்று ஒதுக்கிவிடாமல், அவற்றையும் கோரிக்கைப் பட்டியலில் சேர்த்து, அப்பட்டியலைத் தயாரிக்கும் குழுவில் கொழுந்து பறிக்கும் பெண்களையே உட்காரவைக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.